கடல் எந்தப் பக்கம்?

ஒரு நாவலைப் பற்றி அபிப்பிராயம் சொல்ல எழுத்தாளனுக்கு உரிமை உண்டு என்று ஒப்புக்கொள்கிறவர்கள்கூட, அவன் ஒரு கட்டடத்தைப் பற்றி வாயைத் திறந்தால் முகம் சுளிக்கிறார்கள். "கலவையில் எத்தனை பங்கு மணல் என்று இவருக்குத் தெரியுமா?" என்று கேட்கிறார்கள். தெரியாதுதான். ஆனால் ஒரு வீட்டில் யார் எத்தனை மணிக்கு விழிக்கிறார்கள், மாமியாரும் மருமகளும் எந்த இடத்தில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் இருக்கலாம், கடன்காரன் வந்தால் எங்கே நிற்பான், சாவு விழுந்தால் உடலை எங்கே கிடத்துவார்கள் என்பதையெல்லாம் யோசிக்காமல் நாவலாசிரியன் ஓர் அத்தியாயத்தைக்கூட நகர்த்த முடியாது. வீட்டுக்கு வரைபடம் போடுகிறவரும் இதையெல்லாம் யோசிக்க வேண்டியவர்தான். அந்த அளவுக்கு நாங்கள் இருவரும் ஒரே தொழில்காரர்கள் என்று வைத்துக்கொண்டு இதை எழுதுகிறேன்.

தூத்துக்குடியில் எனக்கு ஒரு நண்பர் உண்டு. சர்க்கார் உத்தியோகத்தில் இஞ்சினீயராக இருந்து ஓய்வு பெற்றவர். ஏழைகளுக்கு வீடு கட்டும் வேலையிலேயே பாதி ஆயுளைக் கழித்தவர். கெட்டிக்காரர். கை சுத்தமானவர் என்று அவருக்கு ஆகாதவர்களே சொல்லுவார்கள். சில நாட்களுக்கு முன் அவர் தம் வீட்டு மேஜையின் மேல் ஒரு பழைய வரைபடத்தை விரித்து வைத்து, "மீன்பிடிக்கிற ஜனங்களுக்குப் போட்ட மாடி வீடு. இதுல ஒரு குத்தம் சொல்லும்வே பாப்போம்" என்றார்.

பார்த்தேன். ஒரு கூடம், ஒரு படுக்கை அறை, சமையல் அறை, குளியல் அறை, கக்கூஸ், கையகலத்தில் ஒரு பால்கனி. நடுவே நீளமாக ஒரு நடைவழி. அதன் இரண்டு பக்கத்திலும் வரிசையாக வீடுகள். மூலையிலே வடக்கு எது என்று காட்டும் அம்பு ஒன்று, வெகு அழகாக.

"கடல் எந்தப் பக்கம்?" என்று கேட்டேன்.

நண்பர் சிரித்தார். "இது டைப் டிசைன். எந்த ஊர்லயும் போடலாம். மதுரையில போட்டா கடலுக்கு நான் எங்கவே போவேன்?"

பதிலில் பொய் ஒன்றும் இல்லை. அவரும் குற்றவாளி இல்லை. ஆனால் அந்தப் பதில் அன்று ராத்திரி என்னைத் தூங்கவிடவில்லை. மதுரைக்கும் கடற்கரைக்கும் ஒரே வீடு என்றால், இரண்டு ஊர்களில் ஏதோ ஒன்றில் அது யாரோ வேறு மனிதனுக்காகக் கட்டப்பட்ட வீடாகத்தானே இருக்க முடியும்?

முதலில் நியாயத்தைச் சொல்லிவிட வேண்டும். ஓலைக் குடிசையின் அழகை நினைத்து உருகுகிறவர்கள் ஐப்பசி மழையில் ஒரு ராத்திரி அதற்குள் படுத்திருக்கமாட்டார்கள். வைகாசி, ஆனியில் கச்சான் காற்று வீசும்போது ஒரு பொறி பறந்தால் தெருவே சாம்பலாகிவிடும். பெண்கள் விடிவதற்கு முன்னால் இருட்டோடு இருட்டாகக் கரைக்குப் போய்வர வேண்டும்; உடம்புக்கு முடியவில்லை என்றாலும் அந்த நேரம் வரும்வரை பொறுத்திருக்க வேண்டும். பூட்டுப் போட ஒரு கதவு, நனையாத ஒரு மூலை, வீட்டுக்குள்ளேயே ஒரு கக்கூஸ் என்பவை அற்ப விஷயங்கள் அல்ல. குடிசையிலிருந்து மாடி வீட்டுக்குப் போன ஒரு பெண்மணியிடம் நான், "எப்படி அம்மா இருக்கிறது?" என்று கேட்டபோது அவர் பதில் சொல்லாமல் என்னைக் கூட்டிக்கொண்டு போய்க் குளியலறைத் தாழ்ப்பாளைப் போட்டுக் காண்பித்தார். அந்தத் தாழ்ப்பாளுக்கு எதிராக எழுதப்படும் எந்த விமர்சனமும் செல்லாது. நான் எழுதுவது தாழ்ப்பாளுக்கு எதிராக அல்ல.

நம் கரையைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் சென்னைக்கு ஒரு நடை போய்வர வேண்டும். ஏனென்றால் இந்த மாடி வீட்டு யோசனை வேர் பிடித்தது அங்கேதான். தமிழ்நாடு குடிசை மாற்று வாரியம் 1970-ல் தோன்றியது; அடுத்த வருஷம் அதற்கென்று தனிச் சட்டமும் வந்தது. 2021-ல் அதற்கு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று பெயரை மாற்றினார்கள். பழைய பெயரில் குடிசை இருந்தது, புதுப் பெயரில் வாழ்விடம் இருக்கிறது. பெயரைப் பொறுத்தவரை இது நல்ல முன்னேற்றம். வாரியம் தன் இளம் பருவத்தில் கைவைத்த இடங்களில் மெரினாவை ஒட்டிய மீனவர் குப்பங்களும் உண்டு. நொச்சிக்குப்பத்திலும் அயோத்தியாகுப்பத்திலும் மாடிக் குடியிருப்புகள் எழுந்தன.

அந்தக் காலத்துக் கட்டடங்களை அழகு என்று யாரும் சொல்லமாட்டார்கள். அறைகள் சின்னவை. படிக்கட்டு குறுகல். உப்புக் காற்று காரைக்குள் இருந்த கம்பியைத் தேடிப் போய்த் தின்றது. இரும்பு துருப்பிடித்தால் சும்மா இராது, பருக்கும். பருத்தால் மேலே இருக்கும் காரையைப் பிளந்துகொண்டு வெளியே வரும். கடற்கரையில் கம்பிக்கு மேல் இன்னும் கொஞ்சம் கனமாகக் காரை போட வேண்டும் என்பதை ஊர் முழுக்க ஒரே அளவு வைத்துக் கட்டுகிறவர்கள் மறந்துபோகிறார்கள். ஆனாலும் அந்தக் கட்டடங்களில் ஒரு பெரிய புத்திசாலித்தனம் இருந்தது. அது வரைபடத்தில் இல்லை, இடத்தில் இருந்தது. குடிசை எங்கே நின்றதோ அங்கேயே மாடியைக் கட்டினார்கள். படியிறங்கித் தெருவைத் தாண்டினால் மணல், மணலில் கட்டுமரம். மட்டமான வீட்டை நல்ல இடம் காப்பாற்றியது.

அந்தப் புத்திசாலித்தனம் வெகுநாள் நீடிக்கவில்லை. நகரம் வளர்ந்தது. கடற்கரை என்பது காற்று வாங்குகிறவர்களின் சொத்து என்ற எண்ணமும் கூடவே வளர்ந்தது. 1985-ல் மெரினாவை அழகுபடுத்த வேண்டும் என்று கட்டுமரங்களையும் வலைகளையும் அகற்றப் போன காரியம் துப்பாக்கிச் சூட்டில் போய் முடிந்தது. அப்புறம் 2004 டிசம்பர் 26 வந்தது.

அன்று காலை தூத்துக்குடிக் கரையை இலங்கை மறைத்து நின்றது. நாகப்பட்டினத்திலும் குளச்சலிலும் நேர்ந்தது இங்கே நேரவில்லை. ஆனால் அதற்குப் பிறகு வந்த அரசாணை எல்லாக் கரைக்கும் ஒன்றுதான். 2005 மார்ச்சில் அது வெளியாயிற்று. கடல் பெருகித் தொடும் கோட்டிலிருந்து 200 மீட்டருக்குள் சேதமான வீட்டை விட்டுவிட்டு உள்ளே போகச் சம்மதித்தால் புது வீடு இலவசம். போகமாட்டேன் என்கிறவனை யாரும் பிடித்துத் தள்ளமாட்டார்கள், ஆனால் அவனுக்கு உதவியும் கிடையாது. இருக்கிற வீட்டைத் தன் காசில் செப்பனிட்டுக்கொள்ளலாம். புது வீடு சுமார் 325 சதுர அடி. கணவன் மனைவி இருவர் பேரிலும் உரிமை என்பது அந்த ஆணையில் இருந்த நல்ல அம்சம். பழைய மனையைச் சர்க்காருக்கு எழுதிக் கொடுத்துவிட வேண்டும் என்பது, எனக்குத் தோன்றுகிறபடி, அதில் இருந்த முக்கியமான அம்சம்.

பயம் நியாயமான பயம். பிள்ளையைப் பறிகொடுத்த எத்தனையோ தாய்மார்கள் தாங்களாகவே கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு போனார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு என்ன யோக்கியதை? ஆனால் சென்னைப் பட்டினப்பாக்கத்துச் சீனிவாசபுரம் முதலான கரைகளில் இருந்தவர்கள் எங்கே கொண்டுபோய் விடப்பட்டார்கள் என்று பாருங்கள். செம்மஞ்சேரி! 6,764 வீடுகள். கட்டுமரம் நிற்கும் கரைக்கும் வீட்டுக்கும் இடையே இருபது கிலோமீட்டருக்கு மேல். விடியற்காலம் மூன்று மணிக்குக் கடலுக்குப் போக வேண்டியவன் எந்தப் பஸ்ஸில் வருவான்? மீன் வாங்கி விற்கிற அவன் மனைவி கூடையோடு எந்தப் பஸ்ஸில் ஏறுவாள்? அதிலும் செம்மஞ்சேரி பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை அடுத்த தாழ்ந்த பூமி. பெருமழை பெய்த வருஷங்களில் அங்கே வெள்ளம் வீட்டுக்குள் வந்தது. கடலிலிருந்து காப்பாற்றிக் கொண்டுபோய்ச் சதுப்பு நிலத்து வெள்ளத்தில் விட்டிருக்கிறார்கள்.

பக்கத்திலேயே கண்ணகி நகர் இருக்கிறது. 2000-த்தில் தொடங்கி வளர்ந்து 15,656 வீடுகள் ஆன இடம். பெரும்பாக்கத்தில் எட்டு அடுக்கு. லிப்ட் வைத்த அடுக்கு. லிப்ட் நின்றுபோனால் தண்ணீர்க் குடத்தோடு எட்டு மாடி ஏற வேண்டியவள் யார் என்பதை வரைபடம் சொல்லாது. வரைபடத்தில் லிப்ட் எப்போதும் ஓடிக்கொண்டேதான் இருக்கும். 2021-ல் புளியந்தோப்பில் புதுக் கட்டடத்தின் பூச்சு தொட்டால் உதிர்கிறது என்று பத்திரிகைகளில் பெரிய ஆர்ப்பாட்டம் நடந்தது. நடக்க வேண்டியதுதான். ஆனால் நம் நாட்டில் ஏழை வீட்டுக்கு விமர்சனம் என்றால் பூச்சு உதிர்கிறதா என்பதோடு சரி. கதவு எங்கே வைத்தாய், ஏன் அங்கே வைத்தாய் என்று ஒருவரும் கேட்பதில்லை. புத்தகத்துக்கு மதிப்புரை எழுதச் சொன்னால் அட்டை கிழியாமல் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுப்பது மாதிரி இது.

கேட்கப்படாத அந்தக் கேள்வியைத் தூத்துக்குடியில் நின்று கேட்டுப் பார்க்கலாம்.

தெரஸ்புரம் கரையில் ஒரு நாள் காலை உட்கார்ந்திருந்தால் போதும். கட்டடக் கலைப் புத்தகம் எதுவும் வேண்டாம். வள்ளம் கரைக்கு வருவதற்கு முன்னால் கண் வந்துவிடுகிறது. எந்த வள்ளம், யாருடையது, தண்ணீரில் எவ்வளவு தாழ்ந்து வருகிறது என்று கரையிலிருந்தே பார்த்து, இன்றைக்குப் பாடு எப்படி என்று பெண்கள் தெரிந்துகொள்கிறார்கள். மீன் மணலில் இறங்குகிறது, கூறு போடுகிறார்கள், ஏலம் நடக்கிறது, காசு கைமாறுகிறது. வலையை இழுத்து உதறிக் காயப் போடுகிறார்கள். கிழிந்த கண்ணிகளை முடிய இரண்டு பேர் நிழல் தேடி உட்காருகிறார்கள். விற்காத மீன் உப்பில் ஊறி வெயிலுக்கு வருகிறது. சங்குகுளிக்கிறவர்கள் ஒரு பக்கம், வள்ளத்துக்குப் பலகை இழைக்கும் ஓடாவிகள் ஒரு பக்கம். கடலுக்குப் போக முடியாத கிழவர்கள் வேலை ஒன்றும் இல்லாதவர்கள் போல உட்கார்ந்திருக்கிறார்கள். ஆனால் கொண்டல் திரும்புகிறதா, வாடை எழும்புகிறதா என்று முதலில் சொல்கிறவர்கள் அவர்கள்தான். மத்தியானம் வீட்டு நிழலில் ஆண்கள் தூங்குகிறார்கள். ராத்திரி விழித்தவர்களுக்கு அதுதான் ராத்திரி.

இதிலே வீடு எது? ஓலையும் சுவருமாக நிற்கிறதே, அது வீட்டின் உள் அறை மட்டும்தான். வீட்டின் கூடமும் முற்றமும் பட்டறையும் கடையும் பண்டசாலையும் கரையில் இருக்கின்றன. மீனவக் குடும்பம் குடியிருப்பது இருநூறு சதுர அடியில் என்று கணக்கெடுத்தவர் பாதியைத்தான் எடுத்தார். 325 சதுர அடி கொடுத்துவிட்டோம், முன்பைவிட அதிகம் என்று சொல்லும்போது, எடுத்துக்கொண்டது எவ்வளவு என்பது அந்தக் கணக்கிலே வரவில்லை.

இந்த ஜீவனத்தைத் தூக்கி மூன்றாவது மாடியில் வைத்துப் பாருங்கள். வலை எங்கே போகும்? நனைந்த வலையின் கனம் வலையை இழுத்தவனுக்குத்தான் தெரியும். படகின் பின்னால் மாட்டும் மோட்டாரைக் கரையில் விட்டால் களவு போகும். மாடிக்குத் தூக்கினால் இடுப்பு போகும். கருவாட்டை நடைவழியில் காயப் போட்டால் எதிர் வீட்டுக்காரி சண்டைக்கு வருவாள். அவள் வருவதும் நியாயம்தான். இரண்டு பக்கமும் வீடுகளை வைத்து நடுவில் நடைவழி விட்டால் இடம் மிச்சம், பணமும் மிச்சம். ஆனால் எந்த வீட்டுக்கும் ஒரு பக்கத்துக் காற்றுதான் கிடைக்கும். ஒரு வாசலில் புகுந்து மறு வாசலில் போவதுதான் காற்றின் சுபாவம். மறு வாசல் இல்லாத வீட்டுக்குள் அது வராது. தூத்துக்குடியில் இதன் அர்த்தம் என்ன என்பதைச் சித்திரை மாதம் வந்து தங்கினால் தெரியும்.

நான் போய்ப் பார்த்த ஒரு குடியிருப்பில் — எந்த ஊர் என்பது வேண்டாம் — அன்று ஒரு சாவு. இரண்டாம் மாடியில் ஒரு பாட்டி. வேதக்கார ஜனங்கள், பெட்டியில் வைத்துத்தான் எடுக்க வேண்டும். படிக்கட்டு திரும்புகிற இடத்தில் பெட்டி திரும்பவில்லை. இப்படிச் சாய்த்துப் பார்த்தார்கள், அப்படிச் சாய்த்துப் பார்த்தார்கள். கடைசியில் பெட்டியை ஏறக்குறைய நிமிர்த்தித்தான் இறக்கினார்கள். அறுபது வருஷம் அந்தக் கரையில் நடமாடிய மனுஷி கடைசியாகவும் நின்றுகொண்டே வீட்டை விட்டுப் போனாள். அதைப் பார்த்துக்கொண்டிருந்த அவள் மகன் ஒன்றும் சொல்லவில்லை. எனக்குத்தான் அந்தப் படிக்கட்டை வரைந்தவரை அன்று அங்கே நிறுத்தி வைக்க வேண்டும்போல் இருந்தது. அவருக்கு ஆறங்குலம் அதிகம் போடத் தெரியாதா? தெரியும். அந்த வீட்டில் சாவும் விழும் என்பது அவர் நினைவில் இல்லை.

இன்னொன்றும் அங்கே கவனித்தேன். கீழ்த்தளத்துக்காரர்கள் எல்லோரும் வாசலில் சாய்ப்பு இறக்கியிருந்தார்கள். தகரம், ஓலை, பழைய வலை, தேர்தல் காலத்துப் பிளெக்ஸ், கிடைத்ததையெல்லாம் போட்டு. அங்கே வலை முடிகிறார்கள், மீன் விற்கிறார்கள், கிழவர்கள் படுத்திருக்கிறார்கள். மேல்தளத்துக்காரர்களில் சிலர் கீழ்த்தளத்தோடு மாற்றிக்கொள்ளப் பணம் கொடுத்துக் காத்திருக்கிறார்கள். அதிகாரிகள் இதற்கு ஆக்கிரமிப்பு என்று பெயர் வைத்திருக்கிறார்கள். நான் வேறு மாதிரி வாசிக்கிறேன். கெட்டிக்கார வாசகன் புத்தகத்தின் ஓரத்தில் பென்சிலால் எழுதுவான், 'இங்கே ஆசிரியர் தவறிவிட்டார்' என்று. அந்தச் சாய்ப்புகள் அப்படி எழுதப்பட்ட குறிப்புகள். அடுத்த பதிப்புப் போடுகிறவர் அதைப் படித்துத் திருத்த வேண்டியதிருக்க, நாம் புல்டோசரை அனுப்பி ஓரத்தையே கிழித்துவிடுகிறோம்.

இதெல்லாம் முடியாத காரியம், பணம் எங்கே, இடம் எங்கே என்பார்கள். முடிந்திருக்கிறது, அதுவும் நமக்குத் தூரத்தில் அல்ல. கன்னியாகுமரியைச் சுற்றிக்கொண்டு மேற்கே போனால் திருவனந்தபுரத்துக்குப் பக்கத்தில் பூந்துறை. 1970-களின் நடுவில் அங்கே மீனவர்களுக்கு வீடு கட்டும் வேலை லாரி பேக்கரிடம் வந்தது. பேக்கர் இங்கிலாந்தில் பர்மிங்காமில் 1917-ல் பிறந்தவர். இந்தியாவுக்கு வந்து, திருவனந்தபுரத்திலேயே தங்கி, 2007-ல் அங்கேயே காலமானவர். செலவைக் குறைத்துக் கட்டுவதில் அவருக்கு ஒரு பிடிவாதம் இருந்தது. கஞ்சத்தனம் என்று சொல்லிவிடக்கூடாது, பிறர் காசுக்குக் காட்டும் மரியாதை அது.

பூந்துறையில் அவர் செய்தது பார்வைக்கு ரொம்பச் சாதாரணம். வீடுகளைச் சிப்பாய்கள் போல ஒரே கோட்டில் நிறுத்தாமல், ஒன்றை முன்னே தள்ளி ஒன்றைப் பின்னே இழுத்து வைத்தார். அவ்வளவுதான். ஆனால் அந்த ஒரு காரியத்தால் மூன்று காரியங்கள் நடந்தன. முன்வீடு பின்வீட்டை மறைக்கவில்லை. ஆகவே கடல் தெரிந்தது. தெரிந்த வழியாகவே காற்றும் வந்தது. முன்னும் பின்னுமாக நின்றதால் ஒவ்வொரு வீட்டுக்கும் முன்னால் இரண்டு பக்கம் சுவர் அணைத்த ஒரு சின்ன முற்றம் தானாகவே அமைந்தது: வலை காயப் போட, பிள்ளைகள் விளையாட. ஜன்னலுக்குப் பதில் செங்கல்லையே இடைவெளி விட்டு அடுக்கி ஜாலியாக்கினார். மரமும் கண்ணாடியும் இரும்பும் மிச்சம், துருப்பிடிக்கவும் ஒன்றும் இல்லை. சரிந்த கூரையின் கீழே படுத்துக்கொள்ள ஒரு பரண்.

குறை இல்லையா? உண்டு. ஜாலி காற்றை மட்டும் விட்டு மழைச் சாரலை நிறுத்தி வைக்காது. எதையும் பூட்டிவைத்துப் பழக ஆசைப்படும் குடும்பத்துக்குத் துளை போட்ட சுவர் ஏழைமையின் அடையாளமாகத் தோன்றினாலும் ஆச்சரியமில்லை. தாழ்ப்பாளைக் காண்பித்த அந்தப் பெண்மணிக்கு இந்த வீட்டைக் கொடுத்தால் முதல் வேலையாக ஜாலியில் பாதியை அடைத்திருப்பார். அடைக்கட்டுமே. அடைப்பதற்கும் திறப்பதற்கும் இடம் கொடுத்திருக்கிறது என்பதுதான் அந்த வீட்டின் லட்சணம். எனக்கு முக்கியமாகப் படுவது ஒன்றுதான். பேக்கர் வரைந்த முதல் கோடு கடற்கரைக் கோடு. மற்ற கோடுகளெல்லாம் அதைப் பார்த்துக்கொண்டு நிற்கின்றன.

நவி மும்பையில் பேலாப்பூரில் 1980-களில் சார்லஸ் கொரியா ஒவ்வொரு வீட்டுக்கும் தனிச் சுவர் வைத்தார், குடும்பம் பெருத்தால் அடுத்த வீட்டைக் கேட்காமல் நீட்டிக்கொள்ளலாம் என்று. இந்தூரில் ஆரண்யா என்ற குடியிருப்பில் பாலகிருஷ்ண தோஷி இன்னும் ஒரு படி போனார். அடித்தளத்தையும் கக்கூஸையும் கட்டிக் கொடுத்து, மீதியைக் குடியிருப்பவர்களே நாளடைவில் கட்டிக்கொள்ள விட்டுவிட்டார். ஆசிரியர் முதல் அத்தியாயத்தை எழுதிவிட்டுப் பேனாவை வாசகன் கையில் கொடுத்ததுபோல. எனக்கு அந்தத் துணிச்சல் வராது.

கொற்கையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் இந்தக் கரையைப் பற்றி எழுத முடியாது. பாண்டியனின் முத்துத் துறை கொற்கை. இன்றைக்கு அங்கே போய் நின்றால் வாழையும் வயலும்தான். தாமிரபரணி மண்ணைக் கொண்டுவந்து கொட்டக் கொட்டக் கடல் விலகிக்கொண்டே போய்விட்டது. கொற்கை போய்க் காயல், காயல் போய்த் தூத்துக்குடி என்று துறை இடம் மாறிய கதையைக் கால்டுவெல் 1881-ல் வெளியிட்ட திருநெல்வேலிச் சரித்திரத்தில் பார்க்கலாம். கடல் போன இடத்துக்கு ஜனங்கள் வீட்டை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனார்கள். முத்துக்குளிப்பு நடந்த காலங்களில் கரையிலே ஓலைக் கொட்டகைகளால் ஒரு தற்காலிக ஊரே எழும். குளிப்பு முடிந்ததும் மணல்தான் மிஞ்சும். 1961-ல் நடந்ததுதான் தூத்துக்குடியின் கடைசி முத்துக்குளிப்பு. முத்தும் போய்விட்டது, பார்களில் சிப்பி விளைவதில்லை என்றார்கள், ஜனங்கள் போகவில்லை. சங்குக்கும் மீனுக்கும் தோணி வேலைக்கும் துறைமுக வேலைக்குமாகக் கரையிலேயே கிடந்தார்கள். இந்த வாழ்க்கை முழுவதையும் ஜோ டி குரூஸ் 'கொற்கை' என்ற பெரிய நாவலாக எழுதி 2013-ல் சாகித்திய அகாதெமிப் பரிசும் வாங்கினார். மீனவருக்கு வீடு வரைகிறவர்கள் அதை ஒருதரம் படிக்க வேண்டும் என்று ஒரு விதி போட்டால் தப்பில்லை. பக்கம் அதிகம் என்பார்கள். டெண்டர் காகிதத்தைவிடக் குறைவுதான்.

ஆகக் கடலைத் தொடர்ந்து போவது இவர்கள் பரம்பரை வழக்கம். கடலைவிட்டு விலகிப் போகச் சொன்னது நம் காலத்து வழக்கம். சொல்லிவிட்டுக் கரையைக் காலியாக வைத்தோமா என்றால் அதுவும் இல்லை. இதே கரையில் துறைமுகம் நீண்டிருக்கிறது, அனல் மின் நிலையம் நிற்கிறது, உப்பளங்கள் கண்ணுக்கெட்டிய மட்டும் விரிகின்றன. அவற்றுக்குக் கடல் பக்கத்தில் இருந்தாக வேண்டும் என்பதை எல்லோரும் ஒப்புக்கொள்கிறார்கள். வள்ளம் வைத்திருப்பவனுக்கும் அப்படித்தான் என்பதை மட்டும் ஒவ்வொரு தடவையும் புதிதாக நிரூபிக்க வேண்டியிருக்கிறது. சென்னை நொச்சிக்குப்பத்திலும் இதே கதை. லூப் ரோடு ஓரம் மீன் விற்பவர்களால் போக்குவரத்துக்கு இடைஞ்சல் என்று 2023-ல் விவகாரம் ஐக்கோர்ட்டுக்குப் போயிற்று. 2024-ல் அவர்களுக்குப் புது மீன் அங்காடி திறந்தார்கள். நல்ல அங்காடிதான். ஆனால் வீடு ஒரு திட்டம், கடை ஒரு திட்டம், வலைக்கூடம் இன்னொரு திட்டம் என்று ஒரே முற்றத்தை மூன்று துண்டாக்கி மூன்று தடவை திறப்பு விழா நடத்துகிறோம்.

பத்திரம் என்ற வாதம் ஒன்றுதான் எனக்குப் பதில் சொல்லக் கடினமான வாதம். கடல் மறுபடி பொங்கினால்? அலை வரும், புயல் வரும். கடல் மட்டம் உயர்ந்துகொண்டும் இருக்கிறது. கரையோரத்தில் மண்ணோடு மண்ணாக வீடு கட்டு என்று நான் சொல்ல முடியாது. ஆனால் 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியபோது, தூத்துக்குடி நகரத்தில் கடலைக் கண்ணால் பார்க்காத தெருக்களெல்லாம் நாள் கணக்கில் தண்ணீரில் கிடந்தன. படகு கொண்டுபோய் ஜனங்களை மீட்டவர்களில் மீனவர்களும் உண்டு. தூரம் மட்டும் பத்திரம் ஆகாது. உயர்த்திய மேடை, கீழே தூண்களுக்கு நடுவே வலைக்கும் மோட்டாருக்கும் திறந்த இடம், மேலே இரண்டே அடுக்கு, ஓட்டம் பிடிக்க நேரான அகலமான படி, ஒவ்வொரு வீட்டிலிருந்தும் கடல் தெரிகிற ஒரு ஜன்னல். கடலைப் பார்த்துக்கொண்டிருப்பவன்தான் அது பின்வாங்குவதையும் முதலில் பார்ப்பான். இது ஒன்றும் என் கண்டுபிடிப்பு இல்லை. தெரஸ்புரம் கரையில் ஒரு பெரியவரிடம், "உங்களுக்கு வீடு எப்படி வேணும்?" என்று கேட்டேன். அவர் யோசிக்கவே இல்லை. "படுத்த எடத்துலருந்து கண்ணைத் தொறந்தா காத்து எங்கருந்து வருதுன்னு தெரியணும் தம்பி. மத்ததெல்லாம் நீங்க பாத்துச் செய்யுங்க" என்றார்.

இதை அப்படியே போய் நண்பரிடம் சொன்னேன். அவர் மறுபடியும் சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். சிரிக்கவில்லை. அலமாரியிலிருந்து அந்த வரைபடத்தை எடுத்து விரித்தார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"இதை நம்ம ஊர்ல நிறுத்தினா வாசல் மேக்கே பாத்து வரும்" என்றார்.

பென்சிலை எடுத்து, காகிதத்தின் கிழக்கு ஓரத்தில், சின்னப் பிள்ளைகள் போடுவது போல இரண்டு அலைக்கோடு போட்டார். அந்தப் பக்கம் வரிசையாக இருந்தவை கக்கூஸ்கள். ஒவ்வொன்றுக்கும் உயரத்திலே ஒரு சாண் அகலத்துக்குக் காற்றுப்போக்கி.